நோய் பரவாமலிருக்கக் குழந்தையைத் தனியாக வைத்திருக்கும் நாட்களில் வெளியே போகலாமா?

கேள்வி: மகளின் வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்னம்மை. முந்தாநாள் வரை இருவரும் ஒரே பெஞ்சு. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். சின்னம்மைத் தடுப்பூசி போடவில்லை. 10 நாள் கழித்து ஒரு வாரச் சுற்றுலாவுக்கு எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது. போகலாமா?

பதில்: தள்ளி வையுங்கள். பணம் போகும், குழந்தை அழுவாள், தெரிந்துதான் சொல்கிறேன்.

இருவரும் கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து எண்ணுங்கள். சின்னம்மை வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஆனால் கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். அதனால்தான் 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள்வரை ஒதுங்கியிருக்கச் சொல்கிறோம். உங்கள் சுற்றுலா அப்படியே அதற்குள் விழுகிறது. இது காற்றிலும் பரவும். ரயிலில் பக்கத்து இருக்கையில் இதுவரை அம்மை வராத ஒரு கர்ப்பிணியோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு இது உயிரோடு விளையாடும் நோய். அவர்கள் யாரென்று நமக்கு முன்கூட்டியே தெரியாது.

இன்னொன்று, இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். தொடர்பு ஏற்பட்டு 3 முதல் 5 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ, வேகத்தைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு. இன்றே மருத்துவரைப் பாருங்கள். போட்டாலும் பயணம் வேண்டாம், முழு உத்தரவாதம் கிடையாது. 8ஆம் நாளுக்கு முன் ஒரு மாலை பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள், தாராளமாக.

கேள்வி: மகனுக்குச் சின்னம்மை வந்து 9 நாள். எல்லாம் பொருக்காகிவிட்டது, ஆனால் உதிரவில்லை. வெளியே கூட்டிப்போனால் எல்லோரும் முறைப்பார்களே?

பதில்: புதுக் கொப்புளம் வராமல், இருப்பதெல்லாம் காய்ந்துவிட்டால் அவனிடமிருந்து பரவாது. பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டாம். கூட்டிப்போங்கள்.

கேள்வி: காலையில் 101 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கிவிட்டது. மாலையில் தாத்தா பாட்டியோடு வெளியே போகத் திட்டம்.

பதில்: மருந்து இறக்கியது காய்ச்சலை மட்டும்தான், கிருமி அங்கேயே இருக்கிறது. மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். ஃப்ளூவாக இருந்தால் தாத்தா பாட்டிக்குத்தான் அதிக ஆபத்து.

கேள்வி: இளையவனுக்குத் தட்டம்மை, நேற்றுதான் தடிப்பு வந்தது. மூத்தவளை அப்பா மட்டும் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போகலாமா? அவளுக்கு 2 தவணை ஊசியும் போட்டாயிற்று.

பதில்: அவளுக்குக் காய்ச்சலோ சளியோ இல்லாதவரை போகலாம். அப்பாவுக்கும் முன்பே தட்டம்மை வந்திருக்க வேண்டும், அல்லது ஊசி போட்டிருக்க வேண்டும். மூத்தவள் ஊசி போடாதவளாக இருந்தால் என் பதில் வேறு: தட்டம்மைக் கிருமி மூடிய அறையின் காற்றில் 2 மணி நேரம்வரை தங்கும், ஒரே வீட்டில் இருப்பவருக்குத் தப்புவது கடினம். அப்படியானால் 21 நாள் வீட்டில்தான்.

இளையவன் தடிப்பு வந்த நாளுக்குப் பிறகு 4 நாள் முடியும்வரை யாரோடும் கலக்கக் கூடாது. அக்கா போவதை அவனிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் இன்னும் வலிக்கும். அவன் போகப்போகும் நாளை அவன் கையாலேயே காலண்டரில் வட்டமிடச் சொல்லுங்கள். அந்தத் தேதியை என்ன வந்தாலும் மாற்றாதீர்கள்.

கேள்வி: 2 வயதுக் குழந்தைக்குக் கை-கால்-வாய் நோய். காய்ச்சல் போய், கொப்புளம் காய்ந்துவிட்டது. நண்பர் வீட்டுக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் மலத்தில் கிருமி இன்னும் சில வாரம் வெளிவரும். டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்தக் கிருமிக்குச் சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.