ஆதிமனிதன் கறி மட்டும்தான் தின்றானா?

கேள்வி: எனக்கு 44 வயது. சர்க்கரை நோய்க்கு கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஆதிமனிதன் வேட்டையாடிய கறியை மட்டுமே தின்று நோயில்லாமல் வாழ்ந்தான் என்று நண்பர் சொன்னார். ஒரு மாதமாகச் சோறு, பருப்பு, பழம் எதுவும் கிடையாது, கறியும் முட்டையும்தான். மலச்சிக்கல் இருக்கிறது. முற்பகலில் கை நடுங்கி வியர்க்கிறது. உடம்பு பழகும்வரை பொறுத்துக்கொள்ளலாமா? - வாசகர், ஈரோடு

மருத்துவர் பதில்: பொறுக்கவே கூடாது. நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ரத்தச் சர்க்கரை தாழ்வதால் வருபவை. நீங்கள் சோற்றை விட்டது கிளிமெபிரைடுக்குத் தெரியாது. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மறுபடி நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் முதலில் குடித்துவிடுங்கள். இன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும்.

சரி, ஆதிமனிதனுக்கு வருவோம். நண்பர் சொன்னது பாதி உண்மை. ஜெர்மனியின் ஷோனிங்கனில் 1990-களில் மர ஈட்டிகளும், வேட்டையாடப்பட்ட குதிரைகளின் எலும்புகளும் ஒரே இடத்தில் கிடைத்தன. எலும்பை உடைத்து, கொழுப்பு நிறைந்த மஜ்ஜையையும் எடுத்திருக்கிறார்கள். கொழுப்பில்லாத கறியை மட்டும் தின்று நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது; புரதத்தைக் கையாளக் கல்லீரலுக்கு ஓர் எல்லை உண்டு.

ஆனால் இஸ்ரேலின் கலிலேயா ஏரியின் நீர்மட்டம் 1989-ல் இறங்கியபோது வெளிப்பட்ட ஒஹாலோ முகாமைப் பாருங்கள். 23,000 ஆண்டுப் பழமை. மீன், மான் எலும்புகளோடு காட்டு பார்லியும், மாவுச்சத்து ஒட்டிய அரைகல்லும் அங்கே இருந்தன. விவசாயம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தானியம் அரைத்திருக்கிறார்கள்! இலங்கையின் பாஹியன் குகையில் வாழ்ந்தவர்களோ சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் குரங்கையும் பெரிய அணிலையும் வேட்டையாடினார்கள். அந்தந்த இடத்தில் என்ன கிடைத்ததோ, அதுதான் சாப்பாடு.

நோயில்லாமல் வாழ்ந்தார்களா? மொரோக்கோவின் தஃபோரால்ட் குகையில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைக்காரர்களின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. ஓக் மரக் கொட்டைகளை நிறையத் தின்றிருக்கிறார்கள். இதைக் கேட்டால் உங்கள் நண்பர், "பார்த்தீர்களா, மாவுச்சத்துதான் வில்லன்" என்பார். சொல்லட்டும்.

சோற்றைக் குறைத்தது தப்பில்லை. ஆனால் கீரை, அவரை, வெண்டை, கொஞ்சம் பருப்பு, ஒரு கொய்யா எல்லாம் தட்டுக்குத் திரும்பட்டும், மலச்சிக்கலும் குறையும். மருத்துவரிடம் போகும்போது கிரியாட்டினினும் சிறுநீர் அல்புமினும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகே கறியின் அளவை முடிவு செய்யலாம்.