முனை கறுத்ததற்குப் புது அயன் எதற்கு?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு 25 வாட் சால்டரிங் அயன் வாங்கிக் கொடுத்தேன். ஈயம் ஒட்டாமல் மணிமணியாக உருண்டு விழுகிறது, முனையும் கறுத்துவிட்டது. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டேஷன் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். மூன்று மாத வகுப்பில் சேருங்கள் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். பழகுவதற்கு 25 வாட் தாராளம்.

சூடான முனை காற்றுப் பட்டாலே கறுக்கும். கறுப்பு ஏறிய முனையில் ஈயம் பிடிக்காது, சூடும் ஈயத்துக்குக் கடக்காது. அயனைச் செருகிவிட்டுப் பையன் சாப்பிடப் போயிருப்பான். முதல் சூட்டிலேயே முனை முழுக்க ஈயம் பூச வேண்டும். அணைக்கும் முன் மறுபடி ஒரு பூச்சு. இடையிடையே ஈரப் பஞ்சில் துடைத்தால் போதும்.

அரம் போட்டுத் தேய்க்கலாமா? கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகக் கேளுங்கள். அயன் நன்றாக ஆறிய பிறகு முனையில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் இழுத்தால் அது இரும்புப் பூச்சு போட்ட முனை. தேய்த்தால் பூச்சு போய்விடும், முனையும் போய்விடும். இழுக்காமல், ஓரத்தில் லேசாகக் கீறினால் செம்பு நிறம் தெரிந்தால், அது வெறும் செம்பு. அதை மட்டும் பளபளப்பாகத் தேய்த்து, உடனே சூடாக்கி ஈயம் பூசலாம். உடனே என்றால் உடனே. உப்புக்காற்றில் நாளைக்கு என்று வைத்தால் மறுபடி மங்கிவிடும்.

அடுத்த சந்தேகம் ஈயக்கம்பி மீது. கேட்க வேண்டியது 60/40: வெள்ளீயம் 60, காரீயம் 40, சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். காரீயம் விலை மலிவு என்பதால், கலவையே அச்சிடாத சுருளில் அதைக் கூட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உருக அதிகச் சூடு கேட்கும், ஆறியதும் சாம்பல் பூத்து நிற்கும். நல்ல கம்பியின் வயிற்றில் பிசின் இருக்கும். உருகும்போது வாசனையோடு வெண்புகை வர வேண்டும். புகையே இல்லையென்றால் கம்பியைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பதிலாகத் தகர வேலைக்கான ஆசிட்டைக் கட்டிவிடுவார்கள், வாங்காதீர்கள். கடலோர ஊரில் அது செம்பைப் பச்சைப் பிடிக்க வைத்து அரித்துவிடும்.

பற்றவைக்கும்போது அயனில் ஈயத்தை ஏந்திக்கொண்டு போகக் கூடாது. முனை, பாகத்தின் காலையும் போர்டின் செம்பையும் ஒருசேரத் தொட வேண்டும், ஈயம் எதிர்ப்பக்கத்தில். மூன்று எண்ணுவதற்குள் ஈயம் தானே வழிந்து பரவும். எடுக்கும்போது முதலில் கம்பி, பிறகு அயன், ஊதக் கூடாது. சரிவாகக் கூம்பினால் சரி. மிளகு போல உருண்டு உட்கார்ந்தால், டி.வி. மெக்கானிக்குகள் சொல்லும் டிரை சால்டர்: இன்று எரியும், நாளை எரியாது.

முதல் சர்க்யூட்டுக்கு 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர் (மஞ்சள், ஊதா, பழுப்புக் கோடுகள்), சிவப்பு எல்.இ.டி. ஒன்று. நீளக் கால் பாசிட்டிவ் பக்கம். ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் எல்.இ.டி. கருகும். இது எரிந்த பிறகு, 1972 முதல் விற்பனையில் இருக்கும் 555 என்ற டைமர் ஐ.சி.யை வைத்து விளக்கைச் சிமிட்ட வைக்கட்டும்.

வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் போய்ப் பார்த்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது பேருக்கு ஓர் அயன். மதிப்பெண் முழுக்க ரெக்கார்டு நோட்டில் வரைந்த படத்துக்கு. கடைசி வருடத்தில் அதே பிள்ளைகள் பெட்டியில் அடைத்த புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், ஆசிரியரும் பெட்டியைத் திறப்பதில்லை. வகுப்புக்குக் கட்டும் பணத்தில் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போய்ப் பழைய ரேடியோ போர்டு கிடைக்கிறதா பாருங்கள். இருபது பாகங்களைக் கழற்றி மாட்டினாலே பையனின் கை பழகிவிடும்.

பிசின் புகை வெளியேற ஜன்னல் திறந்திருக்கட்டும். காரீயம் புகையில் அல்ல, விரலில் ஒட்டிக்கொண்டுதான் வாய்க்குப் போகிறது. முறுக்கை எடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.