யூனிஃபார்ம் பத்தி கேளுங்க: ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கற பிள்ளைங்களோட பெத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். 31 வருஷம் டீச்சரா இருந்து, அதுல கடைசி 9 வருஷம் ஈரோடு பக்கம் ஒரு அரசு நடுநிலைப்பள்ளில ஹெச்.எம்.மா இருந்து ரிட்டயர் ஆனவ நான். உங்க கேள்விகள்ல முடிஞ்ச வரைக்கும் எடுத்து பதில் எழுதியிருக்கேன்.

கரூர்ல இருந்து ஒரு அம்மா: டீச்சர், பையன் அரசுப் பள்ளில ஆறாவது. பக்கத்து வீட்டு பையனுக்கு இலவச யூனிஃபார்ம் குடுத்துட்டாங்க, எம்பையனுக்கு இல்லைங்கறாங்க. மதியத்துக்கு நான் டிபன் கட்டி குடுக்கறேன், அதனாலயா?

அதனாலதான் இருக்கும்மா. 1985ல எம்.ஜி.ஆர். ஆட்சில இந்த திட்டம் வந்தப்பவே சத்துணவோட சேர்த்துதான் வந்துச்சு, எட்டாவது வரைக்கும் சத்துணவு லிஸ்ட்ல பேர் இருக்கற பிள்ளைங்களுக்குத்தான் துணி. முன்னாடி வருஷத்துக்கு ஒரு செட்தான், 2012-13ல இருந்துதான் நாலு செட்டுன்னு ஆச்சு. ஹெச்.எம்.கிட்ட போயி சத்துணவுல பேர் சேத்துக்கங்கன்னு கேளுங்க, இதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. இன்னொண்ணு, கூட்டுறவு சங்கத்துல நெசவு பண்ணி, மகளிர் தையல் சங்கத்துல தைச்சு, அது பள்ளிக்கு வந்து சேர்றதுக்குள்ள பையன் வளந்துருவான், இந்த வயசுல அப்படி ஒரு வளத்தி. அதனால அளவு எடுக்க வரும்போதே கொஞ்சம் தாராளமா எழுத சொல்லுங்க. நீளமா இருந்தா வெட்டாதீங்க, உள்ள மடிச்சு தைங்க, தை மாசம் பிரிச்சு விட்டுக்கலாம்.

கோயமுத்தூர்ல இருந்து ஒரு அப்பா: மேடம், பொண்ணு சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல ஏழாவது. யூனிஃபார்ம், ஹவுஸ் டிஷர்ட், ஷூ எல்லாம் ஸ்கூல்லயே வாங்கணுமாம். வெளிய பாதி விலைதான். மறுத்தா பொண்ண ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு.

சார், உங்க பயம் புரியுது. ஆனா பள்ளிக்கூடம் யாவார இடம் இல்ல, யூனிஃபார்ம், புஸ்தகம் எல்லாம் பள்ளிலயோ அவங்க சொல்ற கடைலயோதான் வாங்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சி.பி.எஸ்.இ.யே 2017 ஏப்ரல்ல சர்க்குலர் விட்டிருக்கு. தனியா போகாதீங்க, பத்து பெத்தவங்க சேர்ந்து கையெழுத்து போட்டு, துணியோட கலர், கட்டம் என்னன்னு சொல்லுங்க நாங்க வெளிய தைச்சுக்கறோம்னு மரியாதையா ஒரு லெட்டர் குடுங்க. பத்து பேர் கையெழுத்து இருந்தா ஒரு பிள்ளைய தனியா குறி வைக்க முடியாது. எட்டாவது முடிச்சு போற பிள்ளைங்க யூனிஃபார்ம வாங்கிக்கறதும் நல்ல வழிதான், ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும்.

சேலத்துல இருந்து ஒரு அம்மா: பொண்ணுக்கு 12 வயசு, போன மாசம்தான் பெரிய மனுஷி ஆனா. அவ ஸ்கூல்ல புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். அந்த நாள் வந்தாலே வயித்து வலின்னு லீவு கேக்கறா.

இந்த கேள்விய நீங்க கேட்டதுக்கு நன்றிம்மா. எங்க பள்ளிலயும் ஒரு பொண்ணு ஒரு மத்தியானம் பூரா பெஞ்ச விட்டு எந்திரிக்கவே இல்ல, கணக்கு டீச்சர் கூப்பிட்டும் போர்டுக்கு வரல, திமிருன்னு நினைச்சு திட்டிட்டாங்க. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. அன்னைக்கு நான் வீட்டுக்கு போயி சாப்பிடல. அடுத்த வாரம் ஆபீஸ் ரூம்ல ஒரு டிரங்குப் பெட்டி வச்சோம், எட்டாவது முடிச்சவங்க குடுத்த பழைய யூனிஃபார்ம துவைச்சு மடிச்சு, கூட நாப்கினும் வச்சு, சாவிய ஒரு லேடி டீச்சர்கிட்ட குடுத்துட்டோம். யாரும் காரணம் கேக்க கூடாது, அது ஒண்ணுதான் ரூல்.

உங்க பொண்ணு கிளாஸ் டீச்சர நேர்ல பாத்து, அந்த நாள்ல மட்டும் வழக்கமான கலர் யூனிஃபார்ம்ல வரட்டுமான்னு கேளுங்க. கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. அரசுப் பள்ளியா இருந்தா புதுயுகம் திட்டத்துல இலவசமா நாப்கின் தராங்க, வருதான்னு கேளுங்க. பைல ஒரு பேன்ட் எப்பவும் இருக்கட்டும். கறை பட்டா பச்சத்தண்ணில உடனே அலசணும், சுடுதண்ணி ஊத்தினா கறை துணிலயே பிடிச்சுக்கும்.

காலேஜ் படிக்கற ஒரு தங்கச்சி: யூனிஃபார்மே வெள்ளைக்காரன் விட்டுட்டு போனதுதானே? எல்லாரையும் ஒரே மாதிரி நிறுத்தறது மிலிட்டரி மாதிரி இல்லையா?

வந்த வழி அதுதான்மா, ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர்ல அத கொண்டு வந்தவங்க மனசுல இருந்தது வேற. காமராஜர் காலத்துல கல்வி இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு மதிய உணவுக்கு எவ்வளவு பாடுபட்டாரோ அதே மாதிரி சீருடைக்கும் பாடுபட்டாரு. பண்ணையார் பையன் பட்டுச்சட்டைலயும் பண்ணையாள் பையன் கிழிஞ்சதுலயும் ஒரே பெஞ்சுல உக்கார்ற நிலைமை இருக்கக் கூடாதுன்னுதான். நான் வேலைக்கு சேந்த புதுசுல தீபாவளி முடிஞ்ச மறுநாள் கலர் டிரஸ்ல வரலாம்னு சொன்னா அன்னைக்கு நாலு பேர் ஆப்சென்ட் ஆவாங்க, எப்பவும் அதே நாலு பேர். அதுக்கப்புறம் எனக்கு யூனிஃபார்ம் வேணுமான்னு சந்தேகமே வரல. அத வச்சு பிள்ளைய வெளிய நிறுத்தறதுதான் எனக்கு ஆகாது.

திருநெல்வேலி பக்கம் ஒரு அம்மா: எட்டாவது படிக்கற பையன் கைல கலர் கயிறு கட்டியிருக்கான். கழட்ட சொன்னா கோயில் கயிறுங்கறான். ஆனா அவன் சேக்காளிங்க எல்லாரும் அதே கலர்தான்.

நீங்க சந்தேகப்படறது சரிதாம்மா, இத விட்டுறாதீங்க. 2019லயே ஜாதி அடையாளக் கயிறு பத்தி பள்ளிக்கல்வி இயக்குநர்கிட்ட இருந்து சுற்றறிக்கை வந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில கூட படிக்கற பசங்களே ஒரு பையன வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியயும் வெட்டினாங்க. அதுக்கப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல குடுத்த அறிக்கைல, கலர் கயிறு, மோதிரம், நெத்தில வைக்கற அடையாளம் எதுவும் பள்ளில வேண்டாம்னு சொல்லியிருக்கு. எல்லாரையும் ஒண்ணா காட்டத்தான் சட்டை குடுத்தோம், அந்த சட்டைக்கு வெளிய ஒரு கயித்த கட்டி நான் வேற நீ வேறன்னு மறுபடி பிரிச்சா நெஞ்சு பதறுது.

பையன்கிட்ட கத்தாதீங்க, பலபேர் முன்னாடி அறுத்து எறியவும் வேண்டாம், வீம்புக்கு நாளைக்கு ரெண்டா கட்டிட்டு வருவான். யார் கட்டி விட்டாங்கன்னு தனியா உக்கார வச்சு கேளுங்க, பெரும்பாலும் தெருவுல ஒரு பெரிய அண்ணன் இருப்பான். அந்த சகவாசத்தத்தான் மொதல்ல கவனிக்கணும். எங்க பள்ளில நெசமாவே கோயில் கயிறுன்னு சொல்ற பசங்கள அரைஞாண்ல முடிஞ்சுக்க சொல்லுவேன், சாமிக்கு கட்டினதுன்னா இடுப்புல இருந்தாலும் சாமிக்குத்தானே. பக்திக்கு கட்டினவன் ஒடனே மாத்திருவான்.

திருப்பூர் அப்பா ஒருத்தர்: பையன் சைடுல மழிச்சு புள்ளிங்கோ கட்டிங் பண்ணிட்டு போனான், பி.டி. சார் கத்திரிக்கோல எடுத்து நடுவுல வெட்டி விட்டுட்டார். ரெண்டு நாளா ஸ்கூல் போகல.

முடிய ஒழுங்கா வெட்டிட்டு வான்னு பள்ளி சொல்றதுல தப்பில்ல, ஆனா அவர் செஞ்சது தப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு அடிக்கறத மட்டும் தடுக்கல, பிள்ளைய மனசளவுல வதைக்கறதையும் தடுக்குது, 13 வயசு பையனுக்கு கிளாஸ் முன்னாடி முடிய வெட்டறது அதுதான். சலூனுக்கு கூட்டிட்டு போயி மொத்தமா ஒட்ட வெட்டி விடுங்க, நாளைக்கு நீங்களே கூட போயி ஹெச்.எம்.ம பாத்து எழுத்துல குடுங்க. பையன் அன்னைக்கே கிளாஸ்ல உக்காரணும், அத மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.

ஓசூர்ல இருந்து ஒரு அம்மா: ஆறாவது படிக்கற பொண்ணுக்கு பாவாடை பிடிக்கல, ஓட முடியலன்னு பேன்ட் கேக்கறா. கேக்கலாமா?

தாராளமா கேளுங்க. கேரளாவுல பெரும்பாவூர் பக்கத்துல வளையன்சிறங்கரை அரசு தொடக்கப்பள்ளில ஆணு பொண்ணு எல்லாருக்கும் முக்கால் டிரவுசரும் சட்டையும்தான், 2021ல பாலுசேரி பெண்கள் மேல்நிலைப்பள்ளிலயும் பேன்ட் சட்டை கொண்டு வந்தாங்க. அங்க எதிர்ப்பும் வந்துச்சு. ஆனா கோகோ விளையாடற பொண்ணு பாவாடைய ஒரு கைல பிடிச்சுட்டு ஓடறத பாத்தவங்களுக்கு இதுல ரெண்டு பேச்சு இருக்காது.

நாகப்பட்டினம் அம்மா: ஐப்பசி கார்த்திகைல துணியே காய மாட்டேங்குது டீச்சர், ஈரத்தோட அனுப்பறதா லீவு போடறதா?

ரெண்டும் வேண்டாம்மா. வீட்ல போடற துணிய போட்டு, யூனிஃபார்ம் காயலன்னு ஒரு சீட்டு எழுதி குடுத்து அனுப்புங்க. ராத்திரி துவைச்ச துணிய பழைய துண்டுல சுருட்டி நல்லா முறுக்கிட்டு ஃபேனுக்கு கீழ போட்டா விடியறதுக்குள்ள முக்கால்வாசி காஞ்சிரும். எங்க பள்ளில இந்த ரெண்டு மாசமும் அந்த டிரங்குப் பெட்டி பூட்டாம திறந்தேதான் கெடக்கும்.