ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயும் இனிப்புப் பண்டங்களும்: கேள்வி பதில்

கேள்வி: யோகானை உண்டபின் கராகுச்சி சாக்கேயை அருந்தினேன், வெறும் நெடியாக மட்டுமே இருந்தது. சாக்கே கெட்டுவிட்டதா, ஐயா?

பதில்: கெடவில்லை, இணைதான் பொருந்தவில்லை. யோகான் என்பது அசுகிப் பயற்று விழுதைச் சர்க்கரையும் கடற்பாசியும் சேர்த்து இறுக்கிய கட்டி. அந்த இனிப்பில் ஊறிய நாக்குக்குக் கராகுச்சியில், அதாவது இனிப்புக் குறைந்த சாக்கேயில், உள்ள அரிசிச் சுவை எட்டாது; ஆல்கஹாலின் எரிச்சலே மிஞ்சும். பண்டத்தைவிடப் பானம் இனிப்பில் வெகுவாகப் பின்தங்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால் யோகானுக்கு எது பொருந்தும்?

பதில்: கிஜோஷு என்னும் இனிப்பான சாக்கே. 1973-இல் ஜப்பானிய அரசின் மதுவடிப்பு ஆய்வுக்கூடத்தில் உருவான முறை இது. அரிசியும் கோஜியும் (பூஞ்சை வளர்த்த அரிசி) நொதிக்கும் கலவையில் நீரின் ஒரு பகுதிக்குப் பதிலாக முன்பே வடித்த சாக்கேயை ஊற்றுவதால் ஆல்கஹால் சீக்கிரமே உயர்ந்து ஈஸ்ட் சோர்ந்துவிட, கோஜி அரிசியிலிருந்து பிரித்துத் தந்த சர்க்கரை கரையாத கடன்போல அப்படியே தங்கிவிடுகிறது. பாகுபோலத் திரண்டிருக்கும் இதைக் குளிரவைத்து, சிறு கிண்ணத்தில் அருந்துவதே நன்று.

கேள்வி: புட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து இனிப்பை அறியலாமா?

பதில்: ஓரளவு அறியலாம். நிஹோன்ஷுதோ என்னும் அந்த அளவில் கழித்தல் குறி இனிப்பையும் கூட்டல் குறி அதன் குறைவையும் காட்டும். ஆனால் புளிப்பு மிகுந்தால் இனிப்பு அமுங்கித் தெரியும் என்பதால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: சாக்லேட்டுடன் தைகின்ஜோ நன்றாக இருக்குமா?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. அரிசியைப் பாதியோ அதற்கும் கீழோ தீட்டி வடித்த தைகின்ஜோவின் பழமணத்தைக் கொக்கோ விழுங்கிவிடும். விலைக்கும் அது வீண். ஆண்டுக்கணக்கில் முதிர்ந்த கோஷுவை எடுங்கள். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து அதற்குத் தேன்நிறத்தையும், கருகிய சர்க்கரை, சோயா சாறு ஆகியவற்றின் வாசத்தையும் தந்திருக்கும். கசப்புச் சாக்லேட்டின் துண்டொன்றை மெல்லாமல் நாவில் வைத்து, விளிம்பு இளகத் தொடங்கும்போது ஒரு மிடறு அருந்திப் பாருங்கள்.

கேள்வி: மிட்டாய்க்கு இணை உண்டா?

பதில்: கொன்பெய்தோ உண்டு. போர்த்துக்கீசியரோடு வந்த இந்த முள்முள்ளான சர்க்கரை மிட்டாயைப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ் 1569-இல் ஜப்பானியப் போர்த்தலைவர் ஓதா நொபுநாகாவுக்குக் கண்ணாடிக் குடுவையில் வழங்கினார். இது முழுச் சர்க்கரை என்பதால் நிகோரி போன்ற கலங்கலான, இனிப்பான சாக்கேயுடன் இரண்டு மூன்று மணிகள் போதும்; கடிக்காமல் கரையவிடுங்கள்.