கல்லீரல் புற்றுநோயும் உணவும்: கேள்வி பதில்

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின் கல்லீரல் புற்றைத் தடுக்குமா சார்? காப்ஸ்யூல் வாங்கலாமா?

பதில்: எலிகளில் கட்டியைக் குறைத்தது. மனிதரில் நிரூபணம் இல்லை. குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அதற்காகவே மிளகின் பிப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அப்படி விற்ற மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் அழற்சியே வந்திருக்கிறது. குழம்பில் போடுகிற மஞ்சள் போதும். காப்ஸ்யூல் வேண்டாம்.

கேள்வி: காபி?

பதில்: தாராளமாக, சர்க்கரை குறைத்து. காபி குடிப்பவர்களிடம் இந்தப் புற்று குறைவாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிகிறது.

கேள்வி: செக்கு கடலை எண்ணெய் பாதுகாப்பானதா?

பதில்: கடலையைப் பொறுத்தது. ஈரத்தோடு அடுக்கிய கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் சுரக்கும். கல்லீரல் புற்றை உண்டாக்கும் என்று உறுதியான நஞ்சு அது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுத்திகரிப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும், செக்கில் நீங்காது. ஆகவே ஆட்டக் கொடுக்கும் முன் சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். உடைக்காமல் ஓட்டோடு வைப்பதென்றால் குலுக்கினால் சலசலக்கும்வரை காய வையுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பவருக்கு இந்த நஞ்சின் ஆபத்து பல மடங்கு. அந்தக் கிருமி இருக்கிறதா என்று ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இந்த நஞ்சின் தாக்குதலைக் குறைக்க முடியுமா என்று சீனாவின் சிடோங்கில் 180 பேரிடம் நடந்த சோதனையில், பச்சையத்திலிருந்து செய்த குளோரோஃபிலின் 100 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, நான்கு மாதம் கொடுத்தார்கள். அஃப்ளாடாக்சின் மரபணுவைத் தாக்கியதற்கான தடயம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்தது. புற்று குறைந்ததா என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை.

கேள்வி: கிரீன் டீ காப்ஸ்யூல்?

பதில்: மேலே குர்குமின் காப்ஸ்யூலுக்குச் சொன்னதுதான் இதற்கும். டீயாகக் குடியுங்கள்.

கேள்வி: கீழாநெல்லியை விட்டுவிட்டீர்களே! 1988இல் சென்னையில் நிரூபித்தார்களே?

பதில்: தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் ஆகியோரின் ஆய்வு. 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி ஆன்டிஜன் (கிருமியின் மேலுறைப் புரதம்) மறைந்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

கேள்வி: மண் வேறு, செடி வேறு சார். இங்கே காமாலை குணமாவதைக் கண்ணால் பார்க்கிறோமே?

பதில்: செடியின் வகையும் சாறெடுக்கும் முறையும் பலனை மாற்றலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காமாலையைச் சான்றாகக் காட்டாதீர்கள். ஹெபடைடிஸ் ஏ, இ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும்; பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. நாள்பட்ட பி கிருமி உடம்பு மஞ்சளாகாமலே புற்று வரை கொண்டுபோகும். கீழாநெல்லியை நம்பி, பி கிருமியை அடக்கும் மருந்தான டெனோஃபோவிரை நிறுத்தினால் கிருமி சீறிக் கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: சீந்தில் மாத்திரை?

பதில்: வேண்டாம். அதனால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காப்ஸ்யூல், மாத்திரை பற்றி இனிக் கேட்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). எதைக் கொடுத்தால் புற்று வராது?

பதில்: அப்படி ஒரு உணவு இல்லை. மது அறவே கூடாது. ராத்திரி நீண்ட பட்டினி வேண்டாம். படுக்குமுன் ஏதாவது சாப்பிடட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் கல்லீரல் புற்றுக்கான ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. காரணம் ஹெபடைடிஸ் பி என்றால் வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை, கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி.