தொட்டுப் படிக்கும் துணிகள்: கேள்வி பதில்

பார்வையற்றவர்களும் மற்றவர்களும் தமிழ்நாட்டு நெசவு வரலாற்றைத் தொட்டு அறியும் அருங்காட்சியக உலாக்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அருங்காட்சியகத்தில் ‘தொடாதே’ என்றுதானே எழுதியிருக்கும்? பழைய சேலைகள் பாழாகிவிடாதா?

பாழாகத்தான் செய்யும். விரலின் வியர்வையும் எண்ணெயும் பட்டைக் கெடுக்கும், ஜரிகையின் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக் கருப்பூரில் உருவான சேலை போன்ற அரிய பொருளை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. தொடுவதற்கென்றே, அதே முறையில் தறியில் நெய்த துணிகளைத் தனியாக வைத்திருக்க வேண்டும். கிடைத்த பாலியெஸ்டர் துண்டை மட்டும் நீட்டிவிடாதீர்கள். பார்வையற்ற ஒருவர் அதைத்தான் காஞ்சிப் பட்டு என்று மனத்தில் பதிந்துகொள்வார். அது அவருக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: கையுறை வேண்டுமா?

மாதிரித் துணிகளுக்கு வேண்டாம். கையுறை போட்டால் விரலின் உணர்வு மங்கிவிடும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, மோதிரத்தையும் வளையலையும் கழற்றினால் போதும்.

கேள்வி: எந்தத் துணியில் தொடங்கலாம், ஐயா?

பட்டில் தொடங்காதீர்கள். முதலில் பஞ்சையும், அதை நூலாக நூற்கும் தக்களியையும் கொடுங்கள். கீழடி அகழாய்வில் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. அப்படியொன்றின் சுடுமண் நகலைச் சுழற்றிப் பார்த்தாலே நூல் முறுக்கேறுவது விரலுக்குப் புரியும். அடுத்து பவானி ஜமக்காளம். நூல் தடிமனாக இருப்பதால் நெசவின் வரிகளைப் பழகாத விரலும் கண்டுபிடிக்கும். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்குடியில் முடிச்சு அவிழ்க்காத துணி ஒன்று, அவிழ்த்தது ஒன்று என இரண்டு வையுங்கள். அவிழ்த்த இடத்தில் துணி சிறு கூம்பாக எழும்பி நிற்கும்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். துணியைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டச் சொல்லுங்கள். உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் தறிக் கருவி), இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓட, ஒவ்வொரு வரியிலும் இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு மேடாகும் இடம் அது. நெய்பவரின் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை ஒரு சிறுமி அந்த மேட்டை மூன்று முறை வருடிவிட்டு, “இதை ஒரே ஆளா நெய்தார்?” என்று கேட்டாள். நான் இன்னும் விளக்கத்தைத் தொடங்கியிருக்கவில்லை.

கேள்வி: பிறவியிலேயே பார்வையில்லாத என் மகளுக்கு நிறத்தை எப்படிச் சொல்வது?

சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர்ச்சி என்று உவமை தேட வேண்டாம். “உன் விரல் இருக்கும் இடம் வரை அரக்கு, அந்த மேட்டுக்கு அப்பால் பச்சை” என்று சொல்லுங்கள். நிறம் எங்கே மாறுகிறது என்பதை அவள் தானே தொட்டு அறிந்துகொள்வாள்.

கேள்வி: அவள் கையைப் பிடித்துத் துணியில் வைக்கலாமா?

இழுத்து வைக்காதீர்கள். உங்கள் கையைத் துணியில் வைத்து, அதன் மேல் அவள் கையை வைக்கச் சொல்லுங்கள். பிறகு மெல்ல உங்கள் கையை உருவிக்கொள்ளுங்கள்.