நூற்புழு படித்தால் வேலை கிடைக்குமா?

"மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பூச்சியைக் கொல்லும் நூற்புழுவைத்தான் ஆராய்வேன் என்கிறாள். சோறு போடுமா இது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடும். நூற்புழு என்பது மண்ணில் வாழும், நூல் போல மெல்லிய நுண்புழு; சில வகைகள் பூச்சிக்குள் புகுந்து அதைக் கொல்லும். ஆனால் படிப்பின் வாசலைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலங்கியல் பட்டத்தை விட நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மையே நல்லது. நாளைக்கு நூற்புழு சலித்துப்போனாலும், டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வு எழுத அந்தப் பட்டம் வேண்டும். விலங்கியல் பட்டம் அதற்குச் செல்லாது. அதன்பின் எம்.எஸ்சி. நூற்புழுவியல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே தனித் துறை உண்டு. ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா என்ற நூற்புழு இனமே கோவையில் கண்டெடுத்து 1992இல் பெயரிடப்பட்டதுதான்.

அவளுக்கு ஆசை மட்டுமா, பொறுமையும் உண்டா? ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். தேனீ வளர்ப்பவரிடம் பழைய அடையில் இருக்கும் மெழுகுப்பூச்சிப் புழுக்களைக் கேட்டு வாங்குங்கள். மர நிழலில் 10-15 செ.மீ. ஆழத்திலிருந்து ஈரமண் கால் கிலோ எடுத்து, டப்பாவில் போட்டு ஐந்து புழுக்களை விடுங்கள். மண்ணில் நூற்புழு இருந்தால் இவற்றுக்குள் புகுந்து கொல்லும். மூன்றாம் நாள் முதல் தினமும் பார்க்கட்டும். செத்த புழு செங்கல் நிறமானால் பெரும்பாலும் ஹெட்டரோராப்டைடிஸ். பழுப்பு மஞ்சளானால் ஸ்டெய்னர்னீமா என்ற இன்னொரு நூற்புழு வகை. கறுத்து அழுகி நாறினால் வேறு பாக்டீரியா புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

கொல்வது நூற்புழு தனியாக இல்லை. ஹெட்டரோராப்டைடிஸ் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவையும், ஸ்டெய்னர்னீமா ஜெனோராப்டஸ் என்ற பாக்டீரியாவையும் குடலுக்குள் சுமந்து வரும். பூச்சியின் இரத்தத்தில் அதை வெளிவிட்ட பின் ஓரிரு நாளில் சாவு. பிணம் அழுகாமல் காப்பதும் அந்த பாக்டீரியா சுரக்கும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருள்கள்தான்.

பிணத்தைக் கழுவி, கவிழ்த்த சிறு மூடியில் ஈர வடிதாள் விரித்து அதன்மேல் வையுங்கள். தாளின் ஓரம் சுற்றியுள்ள தண்ணீரைத் தொட வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் இளம்புழுக்கள் நீரில் இறங்கும். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள்: பூச்சியைக் கொல்லாத சாதாரண மண் நூற்புழுவும் பிணத்தில் பெருகும். இறங்கியவற்றைப் புது மெழுகுப்பூச்சிப் புழுக்கள் மேல் விட்டு, அவையும் அதே நிறத்தில் செத்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். கையைச் சோப்பால் கழுவச் சொல்லுங்கள்.

இந்த எண்ணிக்கை, சலிப்பு, மறுபடி செய்தல், இதுதான் உயிர்ப் பூச்சிக்கொல்லி நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஹெக்டேருக்கு 250 கோடி இளம்புழு என்பது வழக்கமான அளவு. நிறுவனம் விற்கும் நூற்புழுப் பொட்டலத்தில் பாதி செத்திருந்தால் விவசாயிக்குப் பலன் இருக்காது. வெயிலில் தெளித்தாலோ மண் காய்ந்திருந்தாலோ நல்ல பொட்டலமும் வீண். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் பாக்டீரியா வடிவம் மாறி, புழுப் பெருக்கம் குறையும். நிறமூட்டிய ஊடகத்தட்டில் நீலத்துக்குப் பதில் சிவப்புக் கூட்டம் கண்டால் வளர்ப்பைத் தொடங்கும் மூலச் சரக்கை மாற்ற வேண்டும்.

விஞ்ஞானி பதவி வேண்டுமென்றால் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிப் பணிக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வு இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.